அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட்டும் ஐம்பது வருடக் கணக்கும்

கேள்வி: என் அப்பா வில்லுப்பாட்டுப் புலவர். திருவட்டாறு, குலசேகரம், தக்கலை வட்டாரத்துக் கோவில் கொடை விழாக்களில் முப்பது வருடத்துக்கு மேல் பாடினார். 2011ல் காலமானார். 1989ல் தோட்டுக்காரி அம்மன் கதையும், 1998ல் குடிப்பழக்கத்துக்கு எதிராக அப்பாவே கட்டிய ஒரு வில்லுப்பாட்டும் கேசட்டாக வந்தன. இரண்டுக்கும் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார்கள், அத்தோடு சரி. முதல் தடவை எதுவும் எழுதி வாங்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு தாளில் அப்பாவிடமும் குழுவிடமும் கையெழுத்து வாங்கினார்கள், நகல் எங்களிடம் இல்லை. இப்போது முதல் கேசட்டை யாரோ யூடியூபில் போட்டு விளம்பரம் ஓட்டுகிறார்கள். அப்பா பெயர் இல்லை, வேறொரு புலவரின் படம் இருக்கிறது. இரண்டாவதை, அந்த கேசட் கம்பெனியை வாங்கிய இன்னொரு கம்பெனி செல்போன் பாட்டு ஆப்களில் ஏற்றியிருக்கிறது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் மகள், அங்கே பாடினவர்களுக்கு 70 வருட உரிமை, இந்தியாவில் 50தான் என்கிறாள். அதை 70 ஆக்கக் கேட்டு இங்குள்ள கலைஞர்கள் சிலர் டெல்லிக்கு மனு தயார் செய்கிறார்கள். என்னிடமும், அப்பாவோடு குடம் அடித்த என் மாமாவிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கையெழுத்துப் போடலாமா? எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

ஒரு வாசகி, திருவட்டாறு அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனுவைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். உங்கள் கேள்வியில் பணம் இருக்கும் இடம் வேறு. ஒரு கேசட்டுக்குள் மூன்று உரிமைகள் சுருண்டு கிடக்கின்றன. பாட்டைக் கட்டியவருடையது ஒன்று. பாடியவர், குடம் அடித்தவர், உடுக்கும் தாளமும் வாசித்தவர் ஆகியோருடையது இன்னொன்று. ஸ்டுடியோ பிடித்து, செலவு செய்து ஒலிப்பதிவு செய்தவருடையது மூன்றாவது. மூன்றுக்கும் சொந்தக்காரர் வேறு, ஆயுள் வேறு. உங்கள் மகள் சொன்ன 50 வருடம் இரண்டாவதுக்கு மட்டும்.

அந்த இரண்டாவது உரிமை நம் நாட்டில் சின்னப் பிள்ளை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து வில்லுப்பாட்டைப் பரவலாக்கிய கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மறைந்தது 1957ல். நம் பதிப்புரிமைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். பாட்டு எழுதியவருக்கு உரிமை, இசைத்தட்டு போட்டவருக்கு உரிமை என்று எழுதிய அந்தச் சட்டத்தில், பாடுபவருக்கென்று ஒரு வரி கிடையாது. 1994ல் செய்த திருத்தம் 1995 மே 10ல் அமலுக்கு வந்தபோதுதான் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று பிறந்தது. அப்போது அதன் ஆயுள் 25 வருடம். உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் குறைந்தது 50 கேட்டதால், 1999ல் இன்னொரு திருத்தம் செய்து 50 ஆக்கினார்கள். யாரெல்லாம் நிகழ்த்துவோர் என்று சட்டம் சொல்லும் பட்டியல் படிக்கவே சுவாரசியமாக இருக்கும். நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று போகும். வில்லுப்பாட்டுக்காரர் என்று தனியாக எழுதவில்லை, ஆனால் பாடகரும் இசைக் கலைஞரும் இருக்கிறார்கள், கடைசியில் ‘நிகழ்த்தும் வேறு எவரும்’ என்றும் இருக்கிறது. உங்கள் அப்பாவும் மாமாவும் அதற்குள் தாராளமாக அடங்குவார்கள். சிலர், கொடை மேடையில் பாடினால்தான் நிகழ்ச்சி, ஸ்டுடியோவில் பாடியது நிகழ்ச்சி ஆகாது என்று வாதாடிப் பார்ப்பார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2006லேயே அதை ஒதுக்கிவிட்டது. ஸ்டுடியோவோ, ஆட்கள் முன்போ, முதலில் எங்கே பாடினாலும் அது நேரடி நிகழ்ச்சிதான்.

இப்போது உங்கள் இரண்டு கேசட்டுக்கும் கணக்குப் போடுவோம்.

1989 கேசட்டைப் பாடியபோது நிகழ்த்துவோர் உரிமை என்பதே சட்டத்தில் இல்லை. 1995க்கு முன் நடந்த நிகழ்ச்சிக்கு அந்த உரிமையைப் பின்னோக்கி நீட்டச் சட்டத்தில் தெளிவான வார்த்தை கிடையாது. அந்த வழியில் போய் வழக்குப் போட நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 1998 கேசட் அப்படியல்ல. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 வருடம் எண்ண வேண்டும். ஆக 2048 டிசம்பர் 31 வரை அப்பாவுக்கும் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஒலிப்பதிவின் மேல் கம்பெனிக்கு உள்ள உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடம். 1989 கேசட்டுக்கு 2049 முடிய, 1998 கேசட்டுக்கு 2058 முடிய.

கவனித்தீர்களா? ஒரே கேசட். பாடியவர் உரிமை 2048ல் போய்விடும், கம்பெனி உரிமை மேலும் பத்து வருடம் நிற்கும். இந்தப் பத்து வருடம் எப்படி வந்தது என்பது ஒரு கதை. தாகூர் 1941ல் மறைந்தார். அன்றைய சட்டப்படி அவர் எழுத்துகளின் பதிப்புரிமை 1991 முடிவோடு போயிருக்க வேண்டும். அதை வைத்திருந்தது அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகம். கோரிக்கை எழுந்தது, 1991 டிசம்பரில் அவசரச் சட்டம், 1992ல் திருத்தம், 50 என்பது 60 ஆனது. தாகூரை முன்னிட்டு ஏறிய பத்து வருடம் இசைத்தட்டு, கேசட் கம்பெனிகளுக்கும் சேர்ந்து கிடைத்தது. பாடுபவருக்கு அப்போது உரிமையே இல்லாததால் நீட்டவும் எதுவும் இருக்கவில்லை. பிறகு உரிமை வந்தபோதும் வெளிநாட்டு ஒப்பந்தம் கேட்ட குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, முதல் உரிமைக்கு வருவோம், உங்கள் வீட்டுச் சொத்து பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பாட்டைக் கட்டியவருக்கு ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 வருடமும் பதிப்புரிமை உண்டு. அப்பா 2011ல் காலமானார் என்றால், அவர் எழுதிய பாட்டுக்கும் போட்ட மெட்டுக்கும் 2071 டிசம்பர் வரை நீங்கள்தான் வாரிசு. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும். 50ஐ 70 ஆக்கினால் 1998 கேசட்டில் பாடியவர் என்ற முறையில் அப்பாவுக்குள்ள உரிமை 2068 வரை போகும். அதைவிட நீளமான உரிமை இப்போதே உங்கள் கையில் இருக்கிறது!

குடிப்பழக்கம் பற்றிய வில்லுப்பாட்டு முழுக்க அவர் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தகராறுக்கு இடமில்லை. தோட்டுக்காரி அம்மன் கதை எல்லோருக்கும் பொது, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் கதை பொது என்றால் பாட்டும் பொது என்று அர்த்தமில்லை. நம் வட்டாரத்துப் புலவர்கள் ஏட்டில் உள்ளதை அப்படியே ஒப்பிப்பவர்கள் அல்ல. குரு வணக்கம், அவையடக்கம் தொடங்கி வாழி பாடி முடிக்கும்வரை இடையிடையே தாங்களே விருத்தமும் சிந்தும் கட்டிச் சேர்ப்பார்கள், வசனத்தையும் நகைச்சுவையையும் தங்கள் போக்கில் வளர்ப்பார்கள். அப்படி அப்பா புதிதாக எழுதிய பகுதி அப்பாவுடையது. எது பழசு, எது அவருடையது என்று காட்ட அவரது பாட்டு நோட்டு வேண்டும். அலமாரியிலோ பரணிலோ கிடந்தால் முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். இந்த மாதிரி நோட்டுகள் அடியந்திரம் (இறந்தவருக்கான சடங்கு) முடிந்த கையோடு பழைய பேப்பர்காரரிடம் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பாட்டைக் கட்டியவருக்குள்ள இந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க முடியும். இது புதுச் சட்டம் அல்ல, 1957லிருந்தே உள்ள விதி. 1989ல் எதுவும் எழுதி வாங்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கேசட்டில் அப்பா எழுதிய பாட்டுகளின் உரிமை கம்பெனிக்குப் போகவே இல்லை. பாடுவதற்குச் சம்பளம் வாங்கியது, கேசட் போடச் சம்மதித்தது என்ற அளவோடு அது நிற்கும். வாய்ப்பேச்சில் ‘எல்லாம் கொடுத்துவிட்டார்’ என்று அவர்கள் சொன்னால் எடுபடாது.

1998 தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லையென்றால் சட்டப்படி அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அதாவது 2003லேயே முடிந்துவிட்டது. எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இந்த இரண்டு விதியும் 1994 திருத்தத்தில் வந்தவை, அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குச் செல்லாது. உங்கள் அதிர்ஷ்டம், தாள் 1998. ஐந்து வருடம் முடிந்தாலும் ஒலிப்பதிவின் மேல் கம்பெனிக்கு உள்ள உரிமை போகாது. ஆனால் உள்ளே இருக்கும் பாட்டுக்கும் குரலுக்கும் உரியவர்களிடம் அவர்கள் திரும்ப வந்தாக வேண்டும். அச்சடித்த பாரத்தில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று போட்டிருந்தாலும் கதை முடிந்துவிடாது. கையெழுத்துப் போடும்போது இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, என்று 2012 திருத்தம் சொல்கிறது. 1998ல் செல்போன் பாட்டு ஆப்பை யார் கண்டார்? அந்த வரி 2012க்கு முந்தைய ஒப்பந்தங்களையும் பிடிக்குமா என்பதில் வழக்கறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. பிடிக்கும் என்று வாதாட இடம் இருக்கிறது என்பது என் கருத்து. நீதிபதி என்ன சொல்வார் என்று உறுதி கொடுக்க மாட்டேன்.

இனி ஐரோப்பா. உங்கள் மகள் சொன்னது சரிதான், ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்தால் மனுவைப் பற்றி முடிவு செய்ய உதவும்.

பிரிட்டனில் கிளிஃப் ரிச்சர்ட் போன்றவர்கள் 1950களின் கடைசியில் பதின்வயதில் பாடத் தொடங்கியவர்கள். ஐம்பது வருடம் 2008 வாக்கில் முடிய வந்தது, பாடியவர்கள் உயிரோடு நல்ல நிலையில் இருந்தார்கள். பாட்டு எழுதியவனுக்குச் செத்த பிறகும் பணம் வருகிறது, பாடிய எனக்கு உயிரோடு இருக்கும்போதே நிற்கிறது, இது என்ன நியாயம் என்றார்கள். இந்த வாதத்தில் வலு இருக்கிறது. எதிர்த்தவர்களும் லேசானவர்கள் அல்ல. பிரிட்டிஷ் அரசே கவர்ஸ் என்பவரிடம் கேட்டு வாங்கிய அறிக்கை 2006 டிசம்பரில் 50ஐ நீட்ட வேண்டாம் என்றது. ஏற்கெனவே பாடி முடித்த பாட்டுக்கு வருடம் கூட்டினால் புதிதாக ஒரு பாட்டும் பிறக்கப்போவதில்லை, வரும் காசும் பெரும்பாலும் கம்பெனிகளுக்கும் உச்சத்தில் உள்ள சிலருக்கும்தான் போகும் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். ஐரோப்பிய ஆணையம் 2008ல் 95 வருடம் என்று ஆரம்பித்தது. 2009ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை 70க்கு இறக்கியது. 2011 செப்டம்பரில் உறுப்பு நாடுகள் ஓட்டுப் போட்டபோது எட்டு நாடுகள் எதிர்த்தன, இரண்டு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இருந்தும் நிறைவேறியது. 2013 நவம்பர் முதல் தேதிக்குள் எல்லா நாடுகளும் சட்டமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதற்குள் 50 முடிந்தவை முடிந்தவைதான். பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1962ல் வந்ததால் பொதுச் சொத்தானது, 1963ல் வந்தவை இன்னும் இருபது வருடம் உள்ளே போய்விட்டன. ஒரு ஆண்டு வித்தியாசம்!

அந்த 70ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, அதோடு வந்த நிபந்தனைகளை விட்டுவிடுகிறோம். எனக்கு அந்த எண்ணைவிட நிபந்தனைகள்தான் பிடித்தவை. நீட்டித்த வருடங்களில் கம்பெனிக்கு வரும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரே தடவை கூலி வாங்கிப் போன பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். ராயல்டி ஒப்பந்தம் போட்ட கலைஞருக்கு, பழைய முன்பணத்தைக் கழிக்காமல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 50 வருடம் தாண்டிய பிறகு கம்பெனி அந்தப் பதிவைப் போதுமான அளவு விற்காமல், இணையத்திலும் வைக்காமல் முடக்கினால், பாடியவர் நோட்டீஸ் கொடுத்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை முறித்துவிடலாம், கம்பெனியின் உரிமையும் அதோடு போய்விடும்.

நம் மாவட்டத்துக்கு இந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு வேண்டியது என்று யோசித்துப் பாருங்கள். 1980களிலும் 90களிலும் வந்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேள கேசட்டுகளில் எத்தனையோ இன்று எங்கும் கிடைக்காது. கம்பெனி மூடியிருக்கும், அல்லது கை மாறியிருக்கும், மாஸ்டர் டேப் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். உரிமை யாரிடம் என்றே தெரியாத பதிவுக்கு இன்னும் இருபது வருடம் பூட்டுப் போட்டால், பாடினவர் வீட்டுக்கும் காசு இல்லை, அதைச் சேகரித்துக் காப்பாற்ற நினைப்பவருக்கும் வழி இல்லை.

நீங்கள் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். ‘50 என்பதை 70 ஆக்குக’ என்பதைத் தவிர அதில் வேறு கோரிக்கை இல்லை. இப்படியே இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களும் போட வேண்டாம். உரிமையைக் காலம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்ட கலைஞருக்கு வருடம் கூட்டினால் கூடுவது வாங்கினவரின் வருடம். குத்தகைக்கு விட்ட தென்னந்தோப்புக்கு விட்டவனே போய்க் குத்தகைக் காலத்தை இன்னும் இருபது வருடம் நீட்டிக் கொடுங்கள் என்று கேட்பது போல இருக்கிறது. ஐரோப்பியச் சட்டத்திலும்கூட, மாற்றி எழுதாதவரை பழைய ஒப்பந்தங்கள் நீட்டித்த காலத்துக்கும் தொடரும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

மனு எழுதுபவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாடியவர் உயிரோடு இருக்கும்வரை உரிமை சாகக் கூடாது, 50 வருடமோ அவர் ஆயுளோ எது நீளமோ அது என்று கேட்கச் சொல்லுங்கள். இருபது வயதில் வில்லடித்தவருக்கு எழுபத்தைந்து வயதில் அந்தப் பணம் மருந்துக்கு உதவும். கம்பெனிக்கு 60 இருக்கும்போது பாடியவருக்கு 50 என்ற ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் கேட்பதிலும் எனக்கு உடன்பாடுதான். முடக்கி வைத்த பதிவு பாடியவரிடம் திரும்ப வேண்டும் என்றும், குடம், உடுக்கு, தாளக்காரர்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றும் சேர்த்தால் முதல் கையெழுத்து என்னுடையது. வெளிநாட்டு வருமானத்துக்காக 70 வேண்டும் என்று யாராவது சொன்னால் அதிலும் ஒரு உண்மை உண்டு. நம் நாட்டில் உரிமை முடிந்துவிட்டால் ஐரோப்பாவிலும் நம் பதிவுக்கு அதற்கு மேல் தர மாட்டார்கள், அவர்கள் சட்டம் அப்படி. ஆனால் வில்லுப்பாட்டுக்கு அங்கிருந்து எவ்வளவு வந்துவிடும் என்று உங்கள் மகளே சொல்லிவிடுவாள்.

மாமாவைப் பற்றி. அவர் உயிரோடு இருப்பது உங்கள் தரப்புக்குப் பெரிய பலம். 2012 திருத்தம் நிகழ்த்துவோருக்கு இன்னொரு உரிமை கொடுத்தது. பொருளாதார உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டக் கேட்கலாம், தன் பெயருக்குக் கேடு வரும்படி நிகழ்ச்சியைச் சிதைத்தால் தடுக்கலாம். சட்டத்தின் அந்தப் பிரிவு நிகழ்த்தியவரைப் பற்றித்தான் பேசுகிறது, வாரிசைப் பற்றிப் பேசவில்லை. எழுதியவரின் பெயருரிமை பற்றிய பிரிவிலோ சட்டப்படியான பிரதிநிதிகள் கேட்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே 1998 பதிவில் குடம் அடித்தவர் தான் என்று மாமா கேட்கட்டும். இரண்டு கேசட்டிலும் பாட்டைக் கட்டியவர் என் அப்பா என்று நீங்கள் கேளுங்கள். யூடியூபில் வேறொருவர் படம் போட்டிருப்பதற்கு எதிராக உங்கள் கை ஓங்கியிருப்பது இதனால்தான். அப்புறம், வில்லின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருந்து பாடியவர்கள், உடுக்கு அடித்தவர் யார் யார் என்று மாமாவுக்கு நினைவு இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். காசு வந்தால் அது புலவர் வீட்டோடு நிற்கக் கூடாது.

கேசட்டின் கவர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒலிப்பதிவு செய்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும், வெளியிட்ட ஆண்டும் கேசட்டிலும் அதன் உறையிலும் இருக்க வேண்டும் என்பது 1984லிருந்து உள்ள விதி. பல தகராறுகள் அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்ததும் பாதி அடங்கிவிடும். பாட்டைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் செய்தால் சாட்சியாக உதவும். பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், எழுத்துப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வையுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள். பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் வாரிசாகச் சேர வழி இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். 2012க்குப் பிறகு அந்த ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ இந்த மாதிரி அமைப்புக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பாடுபவர்களுக்கென்று 2013ல் இஸ்ரா என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். சினிமாப் பாடகர்கள் முன்னெடுத்தது, நம் ஊர் வில்லுக்கு அதிலிருந்து இப்போதைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

யூடியூப் ஆளிடம் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போக வேண்டாம் என்பேன். இப்படிப் பழைய கேசட்டைப் போடுபவர்களில் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்களும் உண்டு, ஆசைக்குப் போட்டிருப்பார்கள். படத்தை மாற்று, அப்பா பெயரும் குழுவின் பெயரும் போடு, விளம்பரப் பணத்தில் பங்கு கொடு என்று முதலில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை முகவரி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு அழித்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. கேட்கவில்லையென்றால் பாட்டின் உரிமையாளர் என்ற முறையில் யூடியூபுக்குப் புகார் கொடுங்கள். நம் விதிகளின்படி முறையான எழுத்துப் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குப் போடும் எண்ணம் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். கோவில் கொடையில் மைக் செட்டில் அப்பா கேசட்டைப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். உண்மையான சமயச் சடங்கில் ஒலிபரப்புவதைச் சட்டமே மீறலாகக் கருதுவதில்லை, கல்யாண ஊர்வலத்துக்கும் அதே சலுகைதான். வேறொரு புலவர் அதே அம்மன் கதையைத் தன் பாட்டில் பாடினாலும் நீங்கள் கேட்க முடியாது.

கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். 1998 ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், ஆப்களிலிருந்து இதுவரை வந்த வருமானக் கணக்கு வேண்டும், பதிவின் விவரத்தில் எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயர்கள் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்களும் மாமாவும் தனித்தனியாக அனுப்புவது நல்லது, இருவரின் உரிமையும் வேறு என்பதால். பதில் வராவிட்டால் சென்னைக்கு அலைய வேண்டாம். வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே பதிப்புரிமை வழக்குப் போடலாம், ஆகவே நாகர்கோவில் போதும். மீறல் நடந்ததிலிருந்து மூன்று வருடம் என்ற காலவரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் செலவு பயமாக இருந்தால் அங்கேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது, நீங்கள் தகுதியானவர். மாமாவுக்கு வருமானச் சான்று கேட்பார்கள், அதை இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.